பதினைந்தாவது பத்தி: மாணவர் பேரேடு கணினிக்கு மாறும்போது

ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அரசுத் துறையில் வேலை, ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். 1988-இல் எங்கள் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தவர். ஓய்வூதியக் கோப்புக்காக அவருடைய அலுவலகம் கல்லூரிக்கு எழுதிக் கேட்டது. கல்லூரி அலுவலகமும் கணினியில் தேடி, பிரின்ட் எடுத்து, முத்திரை வைத்து அனுப்பிவிட்டது. அதில் முன்னெழுத்து ‘எஸ்’ என்று இருந்தது. அவருடைய பட்டத்திலும் பணிப் பதிவேட்டிலும் ‘ஜி’.

“மூணாவது தடவை வரேன் சார். ஒவ்வொரு வாட்டியும் லீவு போட்டுகினு வரேன். என் பேருதான் சார் அது. நானே இல்லன்னு சொல்றாங்கோ.”

கணினியில் எத்தனை முறை தேடினாலும் ‘எஸ்’தான் வந்தது. பழைய பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னோம். ரெக்கார்டு ரூமிலேயே பாதி ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர், அட்டை பிரிந்த 1988–89 அட்மிஷன் ரெஜிஸ்டரைத் துணிக்கட்டிலிருந்து அவிழ்த்து எடுத்து வந்தார். நீல மையில் அம்மாவின் பெயர். அதன் முன்னால் இருந்த ‘எஸ்’ மீது மெல்லிய கோடு ஒன்று, மேலே ‘ஜி’. திருத்தியது சிவப்பு மையில். அது வெளுத்து, வெயிலில் பார்த்தால்தான் தெரிகிற ரோஜா நிறமாகியிருந்தது. அந்த வரியின் கடைசியில், ‘குறிப்பு’ என்ற பதினைந்தாவது பத்தியில், அதாவது பதினைந்தாவது நெடுக்குக் கட்டத்தில், பொடி எழுத்தில்: எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின்படி முன்னெழுத்து திருத்தப்பட்டது. தேதி. கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம்.

அம்மா தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். விண்ணப்பத்தை நிரப்பிய மாமன், பழக்கத்தில் தன் முன்னெழுத்தையே போட்டுவிட்டார். சேர்ந்த மாதத்திலேயே அதைத் திருத்தியிருக்கிறார்கள். பேரேடு அதைச் சரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கணினிக்கு ஏற்ற வந்த ஒப்பந்தப் பணியாளர்களுக்கு நாங்கள் கொடுத்த எக்செல் படிவத்தில்தான் பதினாலு பத்தி மட்டும் இருந்தது. குறிப்புப் பத்தி பெரும்பாலும் காலியாகக் கிடந்ததால் அது வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தோம். அந்த முடிவை எடுத்த குழுவில், கணினி அறிவியல் ஆசிரியன் என்ற முறையில், நானும் இருந்தேன்.

கைப்பேரேட்டை விட்டுக் கணினி மேலாண்மை முறைக்கு மாறுவதைப் பற்றிப் பேசினாலே வேகம், காகிதச் செலவு, ஆள் பற்றாக்குறை என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு 1988–89 பேரேட்டின் அந்தப் பக்கம்தான் கண்ணில் நிற்கிறது. பேரேட்டில் பெயரும் தேதியும் பாதிதான். அந்தப் பெயரும் தேதியும் எப்போது மாறின, எந்த ஆவணத்தைப் பார்த்து மாற்றினார்கள், யார் பொறுப்பேற்றார் என்பது மறுபாதி. முதல் பாதியை ஏற்றுவது தட்டச்சு வேலை. ஆள் போட்டால் முடிந்துவிடும். மறுபாதியையும் ஏற்றினால்தான் அந்த அமைப்பை நம்பி ஒருவருடைய ஓய்வூதியத்தைத் தீர்மானிக்க முடியும்.

காகிதம் செய்த வேலை

பழைய அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பேரேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, எழுத்தின் மேலேயே எழுதக் கூடாது. தவறென்றால் ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். புதியதைச் சிவப்பு மையில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் இருக்கும். முதல் பக்கத்தில், இதில் மொத்தம் இத்தனை பக்கங்கள் உள்ளன என்று முதல்வர் கையொப்பமிட்டிருப்பார். ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். டி.சி. புத்தகத்தில் அடிக்கட்டை அப்படியே நிற்கும். இன்று மென்பொருள் உலகம் பெரிய பெயர்கள் வைத்துச் சொல்கிற பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவும் ஒரு ஸ்கேல், ஒரு சிவப்புப் பேனா, ஒரு சுருக்கொப்பத்தில் நடந்துகொண்டிருந்தன. இதைச் செய்த எழுத்தர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனாலும் காகிதத்தை அப்படியே தொடர முடியாது. ஒரு மாணவியின் பெயர் கல்லூரிக்குள் மட்டும் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். விண்ணப்பம், அட்மிஷன் ரெஜிஸ்டர், கட்டணப் பேரேடு, வருகைப் பதிவேடு, பல்கலைக்கழகத்துக்குப் போகும் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல், இன்டர்னல் மார்க் பதிவேடு, உதவித்தொகைப் பதிவேடு, டி.சி. புத்தகம். எட்டு இடம், எட்டுக் கை. அட்மிஷன் ரெஜிஸ்டரில் திருத்திய முன்னெழுத்து உதவித்தொகைப் பதிவேட்டுக்குப் போய்ச் சேர யாராவது நினைவு வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

தேடுவதும் பெரும்பாடு. அரசுப் பணியில் சேர்கிறவர்களின் பட்டத்துக்கு ‘உண்மைத்தன்மை’, அதாவது அது போலியில்லை என்ற உறுதி, கேட்டுத் துறைகள் எழுதுகின்றன. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்றார்கள். அதன்பின் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்தாலே பழைய மாணவர்கள் கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். பயிற்று மொழி என்ற ஒரே ஒரு சொல்லுக்காக, பதினைந்து வருடத்துக்கு முந்தைய கட்டை அவிழ்க்க வேண்டும். எந்த ஆண்டு என்று சரியாகச் சொல்லிவிட்டால் அரை மணி நேரம். ‘தொண்ணூத்தேழோ தொண்ணூத்தெட்டோ’ என்றால் அன்றைய மதியம் போய்விடும்.

இதில் பூச்சியும் வெயிலும் வேறு. அந்துருண்டை போட்டாலும் இராமபாணப் பூச்சி பசை இருக்கும் முதுகுப் பக்கத்தைத் தின்றுவிடுகிறது. வேலூர் வெயிலில் தாள் அப்பளம்போல் ஆகிறது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் வெள்ளம் வந்தபோது, கீழ்த்தளத்தில் பதிவறை வைத்திருக்கும் எத்தனையோ அலுவலகங்களை நினைத்துக்கொண்டேன். பேரேடு ஒரே படிதான். அது போனால் போனதுதான்.

மாவட்டமும் மாறியது, பல்கலைக்கழகமும் மாறியது

எங்கள் வட்டாரத்தில் இந்த வேலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிக்கலானது. காரணம், நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எங்களைச் சுற்றி எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன.

அந்த ஆம்பூர் அம்மாவையே எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு மாவட்டம் வட ஆற்காடு. அடுத்த ஆண்டு, 1989-இல், வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், மறுபாதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றானது. 1990-களில் வட ஆற்காடு அம்பேத்கர் என்பது வேலூர் மாவட்டமாகப் பெயர் மாறியது. 2019-இல் வேலூரும் மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஒரே தெரு, ஒரே வீடு, நான்கு மாவட்டப் பெயர். கணினித் திரையில் ‘மாவட்டம்’ என்ற இடத்தில் இன்றைய பட்டியல் மட்டும் கீழே விழுந்தால், 1988-ஆம் ஆண்டுப் பதிவைப் போடுகிற பணியாளர் என்ன செய்வார்? ‘வேலூர்’ என்று தட்டிவிட்டு நகர்வார். அது அவர் சேர்ந்த நாளில் இல்லாத மாவட்டம். பழைய சான்றிதழோடு ஒப்பிடுகிறவர் அங்கே ஒரு சிவப்பு வட்டம் போடுவார்.

இதற்கு வழி இருக்கிறது. ஆவணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஓரிடத்தில். இன்று எந்த மாவட்டத்தில் வருகிறது என்பது இன்னோர் இடத்தில். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைக்கக் கூடாது. சாதிப் பிரிவுக்கும் இதே கதைதான். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு 1989-இல்தான் வந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007-இல், அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல். வாணியம்பாடி, மேல்விஷாரம், ஆம்பூர்ப் பக்கத்து மாணவர்களில் அண்ணன் பதிவில் ‘பி.சி.’ என்றும் தம்பி பதிவில் ‘பி.சி.எம்.’ என்றும் இருக்கும். இரண்டும் சரி. ஒன்றைப் பார்த்து மற்றதை ‘சரிசெய்தால்’ அது பொய்யாகிவிடும்.

பல்கலைக்கழக எல்லை இதைவிட முக்கியம். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வட ஆற்காட்டுக் கல்லூரிகள் நெடுங்காலம் இருந்தன. வேலூர் ஊரிசுக் கல்லூரி 1898, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951, காட்பாடி ஆக்சிலியம் 1954, ஓட்டேரி முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி 1965. இவற்றில் படித்த பல தலைமுறையின் மதிப்பெண்கள் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்துப் பேரேடுகளில் இருக்கின்றன. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பிறந்தது. முதலில் வேலூர்க் கோட்டைக்குள் இயங்கி, பிறகு சேர்க்காட்டுக்குப் போனது. அன்று வேலூர், திருவண்ணாமலையோடு விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகளும் அதன்கீழ் வந்தன. 2021-இல் விழுப்புரத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறி, அதே ஆண்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் போயின.

கல்லூரி போகும், பழைய மாணவரின் மதிப்பெண் போகாது. 2010-இல் விழுப்புரம் பக்கம் சேர்ந்து பட்டம் பெற்றவருக்குப் பட்டம் கொடுத்தது திருவள்ளுவர் பல்கலைக்கழகம். அவர் கல்லூரி இன்று யாரோடு இணைந்திருந்தாலும் அவருக்கு உண்மைத்தன்மை சொல்ல வேண்டிய இடம் சேர்க்காடுதான். எங்கள் கல்லூரிக்கும் இதுவே. ஆம்பூர் அம்மாவின் பட்டத்துக்குச் சேப்பாக்கம், அவர் மகள் இங்கே படித்திருந்தால் அந்தப் பட்டத்துக்குச் சேர்க்காடு. ஆகவே கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதைக் கல்லூரியின் பதிவில் ஒருமுறை எழுதி விட்டுவிட்டால் போதாது. ஒவ்வொரு மாணவரின் பதிவிலும், எந்த ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடத்திட்ட விதி என்பது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

விதி என்றேனே, அதுவும் சும்மா இல்லை. தமிழ் பகுதி ஒன்று, ஆங்கிலம் பகுதி இரண்டு, முதன்மைப் பாடம் பகுதி மூன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தரம் போட்ட காலம் ஒன்று. 2008–09 முதல் கிரெடிட் முறை வந்து, சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, என்.எஸ்.எஸ். எல்லாம் பகுதி நான்கு, ஐந்து என்று சேர்ந்தது. இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்ற கணக்கு பழைய பேட்சுக்குப் பொருந்தாது. பழைய விதியில் அரியர் வைத்தவர் புதிய பாடத்திட்ட காலத்தில் வந்து எழுதுவார். தேர்ச்சிக்கான விதியை நிரலுக்குள் ஒரே எண்ணாகப் பதித்துவிட்டு, பிறகு அந்த எண்ணை மாற்றினால், இருபது வருடத்துக்கு முன் தேறியவர் திரையில் தோற்றவராகத் தெரியும் அபாயம் உண்டு. விதியும் ஒரு பதிவுதான். அதற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் வேண்டும்.

பெயர்

‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான மென்பொருள் இப்படித்தான் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முன்னெழுத்துதான். கட்டத்தைக் காலியாக விட மென்பொருள் ஒத்துக்கொள்ளாது. ஒருவர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார், ஒருவர் முன்னெழுத்தை மட்டும், ஒருவர் ஒரு புள்ளியை. மூன்று ஆண்டு கழித்து அந்தப் புள்ளி பட்டச் சான்றிதழில் அச்சாகி நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எங்கள் பக்கத்து அலுவலக எழுத்தர் யாரைக் கேட்டாலும் விரல் விட்டுச் சொல்வார். லட்சுமியும் அப்படித்தான். ஆகவே பெயரை வைத்து ஆளைத் தேடுவதும் பொருத்துவதும் ஆபத்து. பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்துக்கொண்டால் போதுமே என்பார்கள். எங்கள் தலைமுறையிலும் முந்தைய தலைமுறையிலும் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது வழக்கம். ஒரே வகுப்பில், ஒரே பெயரில், ஒரே முன்னெழுத்தில், ஒரே பிறந்த நாளில் இரண்டு பேர் இருந்ததை நாங்கள் இரண்டு முறை கண்டோம். எக்செல் தன் பங்குக்கு 7-4-1970 என்பதை அமெரிக்க வழக்கப்படி ஜூலை 4 ஆக்கிவிடும். தேதி 12-ஐத் தாண்டினால்தான் பிழை கண்ணில் படும்.

தமிழில் பெயரை ஏற்றும்போது இன்னொரு தடை. பழைய கணினிக் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்திய உருவம்தான் தமிழ். எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் குப்பை. 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்கள், அதாவது தமிழ் எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாக வைக்கும் முறைகள், வந்தன. 2010-இல் அரசு யுனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. அதற்கு முன்பும், சில இடங்களில் அதற்குப் பிறகும், தட்டிய கோப்புகளை மாற்றிதான் சேர்க்க வேண்டும். மாற்றியபின் மனிதக் கண் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஒற்றும் கொம்பும் இடம் மாறி விழுவது சாதாரணம்.

அழிக்காமல் திருத்துவது

இப்போது அமைப்பு உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். மாணவருக்கு ஒரே எண். அந்த எண்ணுக்குள் கல்லூரிக் குறியீடு, பாடப் பிரிவு, ஆண்டு என்று அர்த்தங்களைப் புதைக்காமல் இருந்தால் நல்லது. பி.எஸ்.சி.யில் சேர்ந்த பையன் இரண்டு வாரத்தில் பி.காமுக்கு மாறினால் பதிவெண் அப்போதே பொய்யாகிவிடும். பல்கலைக்கழகப் பதிவெண் தன் வழியில் இருக்கட்டும். உள்ளே கணினி வைத்துக்கொள்ளும் எண் எதையும் சொல்லாத எண்ணாக இருக்கட்டும். பெயர், கட்டணம், வருகை, மதிப்பெண், உதவித்தொகை எல்லாம் இந்த எண்ணில் வந்து கட்டிக்கொள்ளும். பெயர் ஓரிடத்தில் மட்டும்தான் இருக்கும். எட்டு இடத்தில் திருத்த வேண்டியது ஓரிடமாகும். கணினி தரும் மிகப் பெரிய நன்மை இதுதான்.

அதே நன்மைக்குள் ஆபத்தும் இருக்கிறது. ஓரிடத்தில் தவறாக மாற்றினால் எட்டு இடத்திலும் தவறாகும். அதுவும் சத்தமில்லாமல். காகிதத்தில் கோடு தெரியும், மை தெரியும். திரையில் ‘எஸ்’ இருந்த இடத்தில் ‘ஜி’ வந்தால், அங்கே முன்பு எதுவும் இருந்ததற்கான அடையாளமே இருக்காது. நாமாக ஏற்பாடு செய்தால் ஒழிய.

ஏற்பாடு கடினமானதல்ல. எந்தத் திருத்தமும் பழைய மதிப்பை அழிக்காது. திருத்தப் பதிவேடு என்ற தனி அட்டவணையில் ஒரு புதிய வரி சேரும். அந்த அட்டவணையில் சேர்க்க மட்டும் முடியும். மாற்றவோ நீக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது, கணினிப் பொறுப்பாளருக்கும்கூட. ஆம்பூர் அம்மாவின் பதிவை நாங்கள் சரிசெய்தபோது சேர்ந்த வரி இது: திருத்திய விவரம் – முன்னெழுத்து; பழைய மதிப்பு – எஸ்; புதிய மதிப்பு – ஜி; ஆதாரம் – அட்மிஷன் ரெஜிஸ்டர் 1988–89, குறிப்புப் பத்தி, ஸ்கேன் படம் இணைப்பு; பதிந்தவர் – இளநிலை உதவியாளர்; ஒப்புதல் – கண்காணிப்பாளர்; தேதி, நேரம். சிவப்பு மையும் சுருக்கொப்பமும் செய்ததை அப்படியே செய்கிறது. ஆதார ஆவணத்தின் பெயரை நிரப்பாமல் திருத்தம் சேமிக்கவே முடியாது என்று கட்டாயமாக்கினோம். முதலில் அலுவலகத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, கோப்பு எடுக்காமல் கவுன்ட்டரிலேயே பதில் சொல்ல முடிகிறது என்று அவர்களே சொன்னார்கள்.

ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தருவது என்ற இந்த இரண்டு கைகளை உடைப்பது எது தெரியுமா? பாஸ்வேர்டு. தேர்வு நேரத்தில், இன்டர்னல் மார்க் ஏற்றக் கடைசி நாளில், துறைத்தலைவரின் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அவரும் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். அந்த நொடியிலிருந்து திருத்தப் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு பெயரும் பொருளற்றது. நாளைக்கு ஒரு மதிப்பெண் பிரச்சினை என்றால் செய்யாத ஒருவர் பதில் சொல்ல வேண்டிவரும். தற்காலிகப் பணியாளர் ஒரு மாதத்துக்கு வந்தாலும் அவருக்குத் தனிக் கணக்கு வேண்டும். அவர் போகிற அன்று மாலையே அது மூடப்பட வேண்டும். செலவில்லாத வேலை. ஆனாலும் பல இடங்களில் நடப்பதில்லை.

மதிப்பெண்ணுக்கு இது இன்னும் உயிரானது. விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்துவார்கள். யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. மதிப்பெண்ணும் மாணவர் பெயரும் மறுபடி சேர்வது கடைசிக் கட்டத்தில். இரண்டு பட்டியல்களும் சந்திக்கும் அந்த ஒரு இணைப்பில் ஒரு வரி தள்ளிப்போனால், அதற்குக் கீழே உள்ள அத்தனை பேருக்கும் அடுத்தவர் மதிப்பெண். அதனால்தான் மதிப்பெண்ணை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்கும் முறை வந்தது. நேரம் இரட்டிப்பாகும் என்று இதைக் கைவிடச் சொல்கிறவர்களோடு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

பழையதை ஏற்றுவது

எல்லாப் பேரேட்டையும் தட்டச்சு செய்துவிட வேண்டும் என்ற ஆசை முதலில் வரும். நாங்களும் அப்படித்தான் போனோம். இப்போது சொல்லச் சொன்னால் வேறு வரிசை சொல்வேன். முதலில் எல்லாப் பக்கங்களையும் படமாக எடுத்துவிடுங்கள், வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெளுத்த சிவப்பு மை காணாமல் போகும். ஒவ்வொரு படத்துக்கும் பேரேடு, ஆண்டு, பக்க எண் மட்டும் குறித்தால் போதும். பூச்சிக்கும் தண்ணீருக்கும் பயம் அன்றோடு பாதி தீர்ந்தது. பிறகு பெயர், பதிவெண், பாடப்பிரிவு, சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை மட்டும் ஒரு பட்டியலாகத் தட்டுங்கள்; அது தேடுவதற்கான வழிகாட்டி. சான்று கொடுக்க வேண்டிவரும்போது படத்தைப் பார்த்துக் கொடுங்கள். அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிபார்த்த பதிவுக்குத்தான் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற குறி. மற்றவை ‘பட்டியல் மட்டும்’. இந்த இரண்டையும் திரையிலேயே வேறு நிறத்தில் காட்ட வேண்டும். அப்படி ஒரு குறி இருந்திருந்தால் எங்கள் அலுவலகம் அந்தப் பிரின்ட்டை முத்திரை வைத்து அனுப்பியிருக்காது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, சரிபார்க்க மாணவரைவிடச் சிறந்த ஆள் கிடையாது. சேர்க்கை முடிந்ததும் ஒவ்வொருவரின் விவரத்தையும் ஒரு தாளில் அச்சிட்டு அவர்கள் கையிலேயே கொடுக்கிறோம். வீட்டுக்கு எடுத்துப்போய், எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலை வைத்துப் பார்த்து, பிழை இருந்தால் சிவப்புப் பேனாவில் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும். தட்டச்சாளரோ நானோ கவனிக்காத பிழைகளை முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். “எங்க நைனா பேருல ‘ஹெச்’ வராது சார்” என்று குடியாத்தத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு ‘ஹெச்’சை அன்று எடுக்காமல் விட்டிருந்தால் மூன்று ஆண்டில் ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலிலும் அச்சாகியிருக்கும்.

நிறுவனங்களோடு போடும் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். தரவு கல்லூரியுடையது, கேட்ட நாளில், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக, திருத்தப் பதிவேட்டோடு சேர்த்துத் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் மாறிய அனுபவம் உள்ள வட்டாரம் இது. மென்பொருளும் மாறும். நகல்களில் ஒன்று வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து, உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரிக்கு வெளியே

முன்பெல்லாம் கல்லூரிப் பதிவில் ஒரு பிழை இருந்தால் அது அந்த அலமாரியோடு நின்றது. இப்போது அப்படி இல்லை. பள்ளியில் எமிஸ் எண், கல்லூரியில் யுமிஸ் எண்; இரண்டும் அரசின் மாணவர் தகவல் தளங்கள் தரும் அடையாள எண்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து மாணவர்களுக்கு இதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம். பள்ளிப் பதிவு, கல்லூரிப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே ஆளைச் சொன்னால்தான் பணம் வரும். எங்கோ ஒரு பதிவு பிசகினால் அந்த மாதம் வங்கிக் கணக்கில் ஒன்றும் விழாது. 1,000 ரூபாய் என்பது பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்குத் தினம் பஸ்ஸில் வந்து படிக்கிற பெண்ணுக்கு என்ன என்பதை அவர்களோடு பழகியவர்கள் அறிவார்கள்.

தேசிய அளவில் அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பட்டச் சான்றிதழ், 2021 விதிகளின்படி அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் கிரெடிட் கணக்கு. இவை வசதிதான். உண்மைத்தன்மைக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் நாம் கீழே வைத்த பிழையை இவை அப்படியே மேலே கொண்டுபோகும். 2023-இல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தவறான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. அந்த உரிமைக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முன்பு என்ன இருந்தது, ஏன் மாறியது என்பது நம் கையில் இருக்க வேண்டும்.

கைப்பேரேட்டை எப்போது மூடுவது என்று கேட்கிறார்கள். இரண்டு செமஸ்டராவது இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும், மாதம் ஒருமுறை ஐம்பது பதிவுகளையாவது எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு முழுத் தேர்வுச் சுற்று, ஹால் டிக்கெட்டிலிருந்து மதிப்பெண் பட்டியல் வரை, வித்தியாசமில்லாமல் வந்தால் புதிய சேர்க்கைக்குக் காகிதப் பேரேட்டை நிறுத்தலாம். பழைய பேரேடுகளை அதற்குப் பிறகும் எடைக்குப் போடக் கூடாது.

ஆம்பூர் அம்மாவுக்கு அன்று மாலையே திருத்திய கடிதம் கொடுத்தோம். பேரேட்டுப் பக்கத்தின் வண்ண நகலையும் சான்றொப்பமிட்டு இணைத்தோம். அந்த வாரத்திலிருந்து பெரியவரும் நானும் இரண்டு மாணவர்களும் சனிக்கிழமை மதியங்களில் பழைய ரெஜிஸ்டர்களை எடுத்து, பதினைந்தாவது பத்தியை மட்டும் படித்துக்கொண்டு வருகிறோம். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. பெரும்பாலான பக்கங்களில் ஒன்றும் இருக்காது. இருக்கிற இடத்தில் பெரியவர் விரல் வைத்து நிறுத்துவார், ஒரு மாணவர் வாசிப்பார், இன்னொருவர் பதிவார், நான் ஒப்பிடுவேன். 1994–95 வரை வந்திருக்கிறோம்.